பூனை தேடி வரும் மண்

கனகாம்பர நாற்று நட வேண்டுமென்றால் மண்ணை ஆழக் கொத்துகிறோம். கட்டி உடைத்து, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்து, பொலபொலவென்று பாத்தி கட்டுகிறோம். பூனை தேடுவதும் இதே மண்ணைத்தான். காலால் எளிதில் தோண்ட வரவேண்டும், மேலே காய்ந்திருக்க வேண்டும், கழித்த பிறகு மூட மண் வேண்டும். தெருவுக்கு சிமெண்ட் போட்டாயிற்று. காலி மனைகளில் வீடு எழும்பிவிட்டது. மிச்சமிருக்கும் நல்ல மண் நம் வீட்டில்தான் இருக்கிறது. அதனால் பூனையை விரட்டப் போகாமல் மண்ணைத் திருத்துவதுதான் என் வழி.

பூனை வந்து போன பாத்தியைப் பார்த்ததுமே தெரியும். நடுவில் குவித்த மண், சுற்றிலும் நகக் கீறல், ஓரத்தில் வேரோடு சாய்ந்த நாற்று. வேர் காயாமலிருந்தால் உடனே நட்டு நீர் விடுங்கள், பிழைத்துவிடும். கழிவைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து அள்ளி அன்றன்றே அப்புறப்படுத்துங்கள். மணம் தங்கிவிட்டால் பூனை அதே இடத்துக்குத் திரும்ப வரும். அந்தக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகளும் இருக்கலாம். அவை தொற்றும் பருவத்துக்கு வர 1 முதல் 5 நாட்கள் ஆகும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கருவுற்ற பெண்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

நான் முழுதாக நம்புவது கோழிவலையை. ஓர் அங்குலக் கண் உள்ளதை வாங்கி, பாத்தி அளவுக்கு வெட்டி, மண்மேல் படிய விரித்து, ஓரங்களைக் கீழ்நோக்கி மடக்கிப் புதைப்பேன். வெட்டிய கம்பி முனை ஒன்றுகூட மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நம் கையையும் கிழிக்கும், பூனையின் காலையும் கிழிக்கும். நாற்று வரும் இடத்தில் மட்டும் கம்பியைக் குறுக்காக வெட்டித் திறந்து நட்டு, வலை மறையும் அளவுக்கு மேலே மெல்லிய மண் தூவிவிட வேண்டும். பூனை கால் வைத்துக் கீறும், நகத்தில் கம்பி தட்டும், தோண்ட முடியாது. வலியில்லாமல் விஷயம் முடிந்துவிடும். தண்டு பருக்கும்போது கண்ணை அகலப்படுத்த மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் கம்பி தண்டை இறுக்கிவிடும்.

செடி படர்ந்து மண்ணை மூடிவிட்டால் வலையே தேவையில்லை. அதுவரை வலை போடாத இடங்களில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கலாம், ஈரமும் காக்கும். காகிதப்பூ கவாத்து செய்த முள் குச்சிகளைப் பரப்புகிறவர்களும் உண்டு. களை எடுக்கும்போது நம் விரலைத்தான் அது முதலில் குத்தும் என்பதால் எனக்குப் பிடிப்பதில்லை.

உரத்தையும் கவனிக்க வேண்டும். மீன் அமிலம் ஊற்றிய பாத்திக்குப் பூனை வராமலிருக்குமா? தொல்லை உள்ள வீட்டில் மண்புழு உரம் போதும். குப்பைமேனிக் களையும் மீன் அமிலத்தைப் போலத்தான். பூனைவணங்கி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. அதன் வேரின் மணம் பல பூனைகளை இழுக்கும். வேரைக் கடித்து அங்கேயே உருளும். பூப்பாத்தியில் அது முளைத்தால் சிறியதிலேயே பிடுங்கி, வேரையும் அங்கே போடாமல் எடுத்துப் போய்விடுங்கள்.

பிடுங்கியதை எங்கே போடுவது? தோட்டத்தின் வேலியோர மூலை ஒன்றில் மணலைக் கொட்டி வைத்திருக்கிறேன், அங்கேதான். மழை நனைக்காதபடி மேலே ஒரு தகரத்துண்டு. மணல் காய்ந்திருந்தால் பூனைகள் அங்கேயே போகின்றன. அதை அடிக்கடி சுத்தம் செய்வது நம் பொறுப்பு. பாத்தியைக் காக்க நான் செய்ததிலேயே அதிகப் பலன் தந்தது இந்த மூலைதான் என்பேன். போக இடமில்லாத உயிரை எத்தனை முறை விரட்டினாலும் திரும்பத்தான் வரும்.

மிளகாய்த்தூள் தூவச் சொல்வார்கள். அது பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வாய்க்கும் கண்ணுக்கும் போய் எரியும். காப்பித்தூளில் உள்ள காஃபின் பூனைக்கு நஞ்சு. பினாயிலும் அப்படியே: அதிலுள்ள பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அந்துருண்டை பூனையைக் கொல்லும். மண்ணில் கிடப்பதை மிட்டாய் என்று எடுக்கும் குழந்தைக்கும் ஆபத்து. வலையோ மட்டையோ மணலோ, உங்களுக்கு முடிந்ததைச் செய்யுங்கள். அந்துருண்டையை மட்டும் தோட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள்.