கூந்தன்குளத்தில் ஒரு காலைப் பொழுது

மாசி மாதத்து விடுமுறை நாள் ஒன்றில், சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு மேலப்பாளையத்திலிருந்து புறப்பட்டோம். கிழக்கு அப்போது வெளுத்திருக்கவில்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பள்ளியில் புகைப்படப் போட்டி அறிவித்திருந்தார்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மச்சான், தம் கேமராவையும் நீண்ட லென்சையும் இரவல் தந்திருந்தார். "பறவைக் குஞ்சு ஒன்றின் முகம் படம் முழுவதும் தெரிய வேண்டும், வாப்பா!" என்பது அவளுடைய ஒரே ஆசை.

மூலைக்கரைப்பட்டி வழியாக ஒரு மணி நேரப் பயணம். நாங்குநேரிப் பகுதியில், பாசனக் குளம் ஒன்றை ஒட்டி அமைந்த சிற்றூர் கூந்தன்குளம். இக்குளமும் அருகிலுள்ள காடன்குளமுமாக ஏறத்தாழ 129 ஹெக்டேர் பரப்பு 1994ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குரிய ராம்சார் பட்டியலில் இது இடம்பெற்ற செய்தி 2022இல் வெளியாயிற்று. ஆனால் இவ்வூரார் பறவைகளைக் காக்கத் தொடங்கியது அரசாணைக்குப் பின்னர் அன்று. அது அவர்களுடைய பழைய வழக்கம். பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட இங்கே பட்டாசு வெடிப்பதில்லை.

நாங்கள் கரையேறியபோது நீரின்மேல் மெல்லிய பனிப்புகை படர்ந்திருந்தது. கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தித் தம் பைபோன்ற அலகுகளை ஒருசேர நீரில் அமிழ்த்தின. கரண்டிவாயன்கள் தலையை இடமும் வலமும் அசைத்துச் சேற்றைத் துழாவின. மஞ்சள் மூக்கு நாரைகள் அலகைப் பாதி திறந்தபடி நீருக்குள் வைத்து நடந்தன. மீன் வந்து பட்டவுடன் அலகு மூடிக்கொள்கிறது. எதிர்க்கரையில் வரித்தலை வாத்துகள் சில மேய்ந்துகொண்டிருந்தன. மத்திய ஆசியாவிலும் திபெத்திலும் கோடையைக் கழித்து, இமயத்தைத் தாண்டி வரும் பறவைகள் அவை! நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் அவற்றைக் காண முடிகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மச்சான் கூறி அனுப்பிய பாடங்களை மகள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பறக்கும் பறவையை எடுக்க ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஒளி நுழைய வேண்டும். கருத்த மரங்களின் முன் வெண்பறவை நின்றால், ஒளியைச் சற்றுக் குறைக்காவிடில் இறகுகளின் நுணுக்கம் மறைந்து வெறும் வெள்ளையாகிவிடும். ஒன்பது மணிக்குள் நல்ல படங்கள் பல கிடைத்தன. குஞ்சின் முகம் மட்டும் கிடைக்கவில்லை.

அதைத் தேடி ஊருக்குள் சென்றோம். இவ்வூரின் சிறப்பே இதுதான்: வீட்டு வேப்பமரங்களிலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. கீழே பெண்கள் முற்றம் பெருக்குகிறார்கள். மேலே அவை குஞ்சு பொரிக்கின்றன. எச்சமும் வாடையும் பொறுக்க முடியாதவைதாம். எனினும் எவரும் முகம் சுளிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்ப்பதும் உண்டு.

ஒரு வேம்பின் தாழ்ந்த கிளையில் கூடு தெரிந்தது. மகளின் ஆவலைக் கண்டு, எவரையும் கேளாமல் பக்கத்து மதிற்சுவரின்மேல் ஏறிக் கேமராவை உயர்த்தினேன். கீழே நடமாடும் ஊராருக்கு அஞ்சாத தாய்ப்பறவை, கூட்டின் உயரத்துக்கு எழுந்த புதிய தலையைக் கண்டதும் சிறகடித்து எழுந்து பறந்துவிட்டது. அதன் விரித்த சிறகின் நிழலில் கிடந்த இரண்டு குஞ்சுகள் சுள்ளென்ற வெயிலில் வாய் பிளந்து தவித்தன. நான் படம் எடுத்தேன்.

"ஏய்யா, தாயை விரட்டிட்டியளே! குஞ்சு வெயில்ல காயுதுல்லா. இறங்கி இங்கன வந்து உக்காருங்க. ஆள் அனக்கம் அடங்குனாத்தான் அது திரும்பி வரும்" என்றார் அவ்வீட்டு மூதாட்டி. குரலில் கோபத்தைவிடக் கவலையே மிகுந்திருந்தது. "தவறுதான் ஆச்சி" என்று இறங்கித் திண்ணையில் அமர்ந்தேன். இரண்டு காகங்கள் அடுத்த கிளைக்கு வந்துவிட்டன. மூதாட்டி கைதட்டி அவற்றை ஓட்டினார். என் கைக்கடிகாரத்தில் பதினொரு நிமிடங்கள் கடந்தன. அதுவரை மகள் வாய் திறக்கவில்லை. இறுதியில் தாய்ப்பறவை இறங்கிவந்து சிறகை விரித்தது.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) சிறுவயதில் துப்பாக்கியால் சுட்ட குருவி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் நிறத்தைக் கண்டு வியந்து, அது என்ன பறவை என்று கேட்டறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அந்த வினாவே அவரை அறிஞராக்கிற்று. கையிலிருப்பது துப்பாக்கி அன்று, கேமராதானே என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். கூட்டருகே சென்றால் கேமராவும் உயிரைப் பறிக்கக் கூடும் என்பதை அந்தப் பதினொரு நிமிடங்கள் எனக்குக் கற்பித்தன.

திரும்பும் வழியில் மகள் அந்தப் படத்தைப் பார்த்தாள். கேட்டது போலவே குஞ்சின் முகம் முழுவதும் தெரிந்தது, தெளிவான படம். "இது அழகாக இருக்கிறது என்றுதானே பார்ப்பவர்கள் சொல்வார்கள், வாப்பா? அது தவித்தது அவர்களுக்குத் தெரியாதே" என்றவள், தானே அதை அழித்துவிட்டாள்.

போட்டிக்கு அவள் அனுப்பியது வேறொரு படம்: தெருவிலிருந்து எடுத்தது. கீழே மூதாட்டி முற்றம் பெருக்குகிறார். மேலே வேம்பின் உச்சியில் நாரை நிற்கிறது. பரிசு கிடைக்கவில்லை. எனக்கு அது குறையாகத் தோன்றவுமில்லை.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை சென்று வாருங்கள். கண்ணைப் பறிக்காத நிறத்தில் உடை அணியுங்கள். தாழ்ந்த குரலில் பேசுங்கள். கூட்டை எட்ட நின்றே பாருங்கள். அங்கு நாம் விருந்தினர் மட்டுமே. வீட்டுக்காரர்கள் மரத்தின்மேல் இருக்கிறார்கள்.