சங்குச் சத்தம்

நம் தலைமுறைக்குச் சங்கு என்றால் நேரம். மில் சங்கு கேட்டு உலை வைப்போம், நகராட்சிச் சங்குக்குக் கடிகாரம் திருத்துவோம். கல்பாக்கம் பக்கம் குடிவந்த பிறகுதான் சங்கின் இன்னொரு கதையைப் படித்தேன்.

1979 மார்ச் 28-ல் அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணு உலையின் மையம் பாதி உருகியது. 30-ம் தேதி காலை, 10 மைலுக்குள் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்றார் கவர்னர். அன்றைக்கே ஹாரிஸ்பர்க் நகரில் சங்கு ஊதியது. விமானத் தாக்குதலுக்கென்று வைத்த பழைய சங்கு. ஜனங்கள் பதறி வெளியே ஓடிவந்தார்கள்! அதற்கப்புறம்தான், 10 மைல் வட்டாரத்துக்கு 15 நிமிடத்தில் எச்சரிக்கை எட்டவேண்டும் என்று அங்கே விதி வந்தது. சுற்றிலும் சங்குக் கம்பங்கள் முளைத்தன. நம் நாட்டுக் கணக்கு 16 கிலோமீட்டர். அதே 10 மைல்தான்.

கல்பாக்கத்தில் 2004 டிசம்பர் 26 அன்று ஆபத்து கடலிலிருந்து வந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். குடியிருப்பில்தான் உயிர்கள் போயின. சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் 2007-ல்தான் வந்தது.

இப்போது சங்கு என்று பேச்செடுத்தாலே பக்கத்து வீட்டு ஆயா கேட்பார்: "அது ஊதுனா உள்ள ஓடணுமா, வெளிய ஓடணுமா? அத மொதல்ல சொல்லுப்பா."