கணித வகுப்பில் இரண்டு மொழிகள்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுதல் தமிழர் மரபு. எண் கற்பதற்கு எழுத்துத் துணை வேண்டும் என்பதை அறிந்த நம் பாட்டன்மாருக்கு, அவ்வெழுத்து எம்மொழியின் எழுத்து என்னும் ஐயம் எழுந்ததில்லை. இன்றோ ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய இடங்களிற் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் பலருக்கு அந்த ஐயமே பெரிதாகிவிட்டது. ஆறாம் வகுப்பிற் காலடி வைக்கும் பிள்ளை கணிதத்தைத் தமிழிலே தொடர்வதா, வாய்ப்புள்ள பாடசாலையில் ஆங்கிலத்திற் கற்பதா? இக்கேள்வி வீட்டுக்கு வீடு பேசப்படுவதால், அதனைச் சற்று ஆற அமர ஆராய்வது நன்று எனக் கருதுகிறோம்.

ஆங்கிலம் அறிந்த சிலருக்கே உயர்கல்வி என்றிருந்த நிலையை மாற்ற முன்னின்றவர் கலாநிதி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழிக் கல்வியும் படிப்படியாக வளர்ந்து, கணிதமும் விஞ்ஞானமும் தமிழிலே கற்பிக்கப்படலாயின. அட்சரகணிதம், கேத்திரகணிதம், செம்பக்கம், மடக்கை என்றெல்லாம் கலைச்சொற்கள் வகுப்பறைக்குள் வந்தன. ஆயினும் அந்த வெளிச்சம் தேயிலைத் தோட்டங்களை மிகத் தாமதமாகவே எட்டியது. தோட்ட நிருவாகங்களின் கீழிருந்த பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்புக்கு மேற் செல்லவில்லை. 1970களிலேதான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையோ இன்றுவரை தீராத நோயாக இருக்கின்றது.

தமிழிற் கணிதங் கற்கும் வாய்ப்பே மலையகத்துப் பிள்ளைகளுக்கு முழுமையாகக் கிட்டாத வேளையில், மற்றொரு வாசல் திறந்தது. 2001இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவிலும், 2002இல் ஆறாம் வகுப்பிலும் ஆங்கில மொழிமூலக் கல்வி அரசாங்கப் பாடசாலைகள் சிலவற்றில் மீண்டும் இடம்பெற்றது. இருமொழிக் கல்வி என்பது இதற்கு வழங்கும் பெயர்.

கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் ஒருமுறை தம் மகளுடன் எம்மைக் காண வந்திருந்தார். "சார், இங்கிலீசுல கணக்குப் படிச்சா புள்ள முன்னுக்கு வருமா? இல்ல, ரெண்டும் கெட்டுப் போயிருமா?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் அதிகம் சென்றறியாதவர் அவர். ஆனாற் கணக்கறியாதவர் அல்லர். மடுவத்திலே தராசு காட்டிய நிறை எவ்வளவு, ஈரத்துக்கென்று கழித்தது எவ்வளவு, இன்று முழுப் பேரா அரைப் பேரா என்பவற்றை மனத்திலே கூட்டிக் கழித்துச் சொல்லக்கூடியவர். கல்விமான்கள் பல நூல்களில் ஆராய்ந்த வினாவை அவர் இரண்டே வாக்கியங்களிற் கேட்டுவிட்டார்.

அதற்கு விடை காணக் கனடா நாட்டுக்குச் சற்றுச் சென்று வரவேண்டும். மொன்றியால் நகரை அடுத்த சென்ற் லம்பேர் என்னுமிடத்தில், 1965ஆம் ஆண்டு, ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் ஒரு முயற்சியைத் தொடங்கினர். தம் சிறுவர்கள் பாலர் வகுப்பு முதலாகப் பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே கற்கவேண்டும் என விரும்பினர். மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் லம்பேட் என்னும் உளவியலறிஞரும் அவருடைய துணைவர்களும் அப்பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்து வந்தனர். பிரெஞ்சிலே கணிதங் கற்ற பிள்ளைகள் கணிதத்திற் பின்தங்கவில்லை. அவர்களுடைய ஆங்கிலமும் நிலையாகக் கெடவில்லை. இச்செய்தி உலகெங்கும் பரவியது. பிற மொழியிற் கணிதங் கற்பது ஆகாத காரியம் என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆனால் அங்கிருந்த சூழலையும் நாம் மறத்தல் கூடாது. அப்பிள்ளைகளின் தாய்மொழி, வீட்டிலும் வீதியிலும் வானொலியிலும் வலுப்பெற்றிருந்த ஆங்கிலம். பிள்ளை தொடக்கத்தில் ஆங்கிலத்திற் பேசினாலும் அதனை விளங்கிக்கொண்டு பிரெஞ்சில் விடை கூறும் ஆசிரியர் வகுப்பில் இருந்தார். புதிய மொழிக்குப் பாலர் வகுப்பிலேயே அத்திவாரம் இடப்பட்டது. நம் தோட்டத்துப் பிள்ளையோ ஐந்தாண்டுகள் தமிழிலே கற்றுவிட்டு, ஆறாம் வகுப்பிலே திடீரென ஆங்கிலப் பாடநூலைத் திறக்கிறது. வகுப்பறையை விட்டு வெளியே வந்தால், அம்மொழி காதில் விழுவதும் அரிது.

நம்மைப் போன்றே பல மொழிகள் வழங்கும் மலேசியாவின் அனுபவம் வேறு. அங்கே 2003இல் தமிழ்ப் பாடசாலைகள் உட்பட எல்லாப் பாடசாலைகளிலும் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திற் கற்பிக்கத் தொடங்கினர். 2009இல் அத்திட்டத்தைக் கைவிட அரசாங்கம் முடிவு செய்தது. ஆகவே, மொழியை மாற்றினாற் கல்வி தானே உயரும் என்று நம்புவதற்கும் இடமில்லை.

கணிதத்துக்கு மொழி எதற்கு, அது வெறும் எண்களும் குறிகளுந்தானே என்பாருமுளர். ஓர் உதாரணம் காட்டுவோம். 'எக்ஸிலும் ஐந்து குறைந்தது' என்று தமிழிற் சொன்னால், பிள்ளை எக்ஸை முதலில் எழுதி, அதிலிருந்து ஐந்தைக் கழிக்கும். சொற்கள் வரும் வரிசையும் குறிகள் வரும் வரிசையும் ஒன்றாகவே அமைகின்றன. அதையே ஆங்கிலத்தில் 'ஃபைவ் லெஸ் தான் எக்ஸ்' என்பர். ஐந்து என்னும் சொல் முன்னே வருவதால், ஐந்திலிருந்து எக்ஸைக் கழிப்பதாகப் பிள்ளை எழுதிவிடுகிறது. அந்த விடைக்குப் பூச்சியம் இடும் ஆசிரியர், பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று முடிவு செய்தல் நீதியாகுமா? 'ரூட்', 'பவர்', 'மீன்' முதலிய சொற்களும் இத்தகையனவே. பேச்சில் அவற்றுக்கு ஒரு பொருள், கணிதத்தில் வேறு பொருள்.

ஜிம் கம்மின்ஸ் என்னும் கல்வியறிஞர் 1979இல் மொழித்திறனை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். அளவளாவும் மொழி ஏறத்தாழ இரண்டாண்டிற் கைவரும். பாடங்களை ஆழ்ந்து கற்பதற்குரிய மொழி கைவர ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ செல்லும் என்பது அவ்வழி வந்த ஆய்வுகளின் துணிபு. பிள்ளை சரளமாக 'குட் மோர்னிங் சேர்' என்று கூறுவதைக் கேட்டு, அது ஆங்கிலத்திற் கணிதம் விளங்கிக்கொள்ளும் என்று மயங்குதல் பிழை.

அங்ஙனமாயின், இத்தகைய வகுப்பில் யார் யாரிடம் எதனை எதிர்பார்க்கலாம்?

ஆசிரியரிடம் எதிர்பார்க்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் அன்றைய கலைச்சொற்களை இரு மொழியிலும் கரும்பலகையில் எழுதுதல் முதலாவது. பிள்ளைகள் தமக்குள்ளே தமிழில் வாதித்து, பின்னர் ஆங்கிலத்தில் எழுத அனுமதித்தல் இரண்டாவது. இலக்கணப் பிழைக்காகக் கணிதப் புள்ளியைக் குறையாதிருத்தல் மூன்றாவது. வகுப்பிலே தமிழ் பேசியதற்குத் தண்டம் விதிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அது சிந்தனைக்கு விதிக்கும் தண்டமே.

உதாரணங்களும் நம் மண்ணிலிருந்தே வரவேண்டும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது. பதினெட்டுக் கிலோ கொழுந்துக்கு எத்தனை கிலோ தூள்? இக்கணக்கைத் தோட்டத்துப் பிள்ளை நொடியிற் செய்துவிடும். செய்து முடித்ததும், 'நீ இப்போது செய்ததற்கு ஆங்கிலத்தில் ரேஷியோ என்று பெயர்' எனக் கூறினால் அச்சொல் மனத்திற் பதியும். பொருள் முன்னே நடக்க, சொல் பின்னே வருதல் வேண்டும்.

மாணவரிடம் எதிர்பார்க்க வேண்டியது மனப்பாடம் அன்று. விடை ஏன் அவ்வாறு வந்தது என்று இரு மொழியில் ஏதேனும் ஒன்றிலாவது விளக்கத் தெரிதல் வேண்டும். விளங்காதபோது கையுயர்த்திக் கேட்கும் துணிவும் வேண்டும். ஆங்கிலம் தவறிவிடுமோ என்னும் அச்சத்தாற் கேளாதிருக்கும் மாணவர் இரண்டையும் இழப்பர்.

பெற்றோருக்கும் ஒரு கடமையுண்டு. அயல் வீட்டுப் பிள்ளை சேர்ந்தது என்பதற்காகச் சேர்த்தல் ஆகாது. ஆங்கிலத்திற் கணிதங் கற்பிக்கத் தகுதி பெற்ற ஆசிரியர் பாடசாலையில் உள்ளாரா, அவர் அடுத்த ஆண்டும் இருப்பாரா, முதல் ஆண்டிலே பிள்ளை தடுமாறினால் தமிழ் வகுப்புக்குத் திரும்ப வழியுண்டா என்று அதிபரிடம் கேட்டறிதல் வேண்டும். வீட்டிலே தமிழ்ப் புத்தகம் வாசிக்கும் பழக்கத்தையும் கைவிடலாகாது. முதல் மொழி உறுதியாக இருந்தாலே இரண்டாம் மொழி அதன்மேல் நிற்கும்.

க.பொ.த. சாதாரண தரத்திற் கணிதம் கட்டாயப் பாடம். அதிலே தவறும் பிள்ளைக்குப் பல கதவுகள் சாத்தப்படுகின்றன. லயத்து அறையில் விளக்கடியிற் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு சித்தி எத்தகைய பெறுமதியுடையது என்பதை மலையகத்தார்க்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆங்கிலமும் அப்பிள்ளைக்கு உரியதே. அதனை மறுப்பார் பிள்ளைக்கு நண்பராகார். எனினும், கணித வகுப்பு முதலிற் கணித வகுப்பாக இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தைப் பெறுவதற்காகக் கணிதத்தை விலையாகக் கொடுக்கும்படி எந்தப் பிள்ளையையும் கேட்டல் தகாது.

"நல்ல ஆசிரியர் இருந்தால் முன்னுக்கு வருவாள், அம்மா, இல்லையெனில் தமிழிலேயே நன்றாகப் படிக்கட்டும், ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக ஊன்றிக் கற்கட்டும்" என்பதே அத்தாய்க்கு நாம் கூறிய விடை. அதே கேள்வியோடு இருக்கும் ஏனைய பெற்றோருக்கும் எமது விடை அதுவே.