இட்லி எந்தத் தெருவில் பிறந்தது?

மும்பை செம்பூரில் எங்கள் கட்டிடத்தின் கீழே காலை ஏழரைக்கு ரப்பர் ஹாரன் ஒலிக்கும். சைக்கிள் கேரியரில் அலுமினியப் பாத்திரம். உள்ளே இட்லியும் மெதுவடையும். ஹேண்டிலில் சட்னித் தூக்கு. பிரிவினையின்போது வந்து குடியேறிய சிந்திக் குடும்பத்தினரும் மராத்திக்காரர்களும் அந்த இட்லிக்காரரை ‘அண்ணா’ என்றே கூப்பிடுவார்கள். பதினைந்து வருடமாக வாங்கிச் சாப்பிட்ட நான், அந்த இட்லி எங்கே வேகிறது என்று ஒருநாள்தான் கேட்டேன்.

“தாராவியிலதான்க்கா. வெள்ளன வந்தா பாக்கலாம்.”

90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. விடிகாலை நாலு மணி. குடும்பம் படுத்தெழுந்த அதே அறையில், பாயைச் சுருட்டிய இடத்தில் அடுப்பு எரிந்தது. அண்டாவில் மாவு பொங்கி நின்றது. அவர் மனைவி ஈடு ஈடாக எடுத்து வைக்க, அவர் சட்னிக்குத் தாளித்தார். தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவராம். தாராவியில் அந்தத் தொழில் ஒடுங்கியபோது அப்பா இட்லிக்கு மாறினாராம்.

அங்கிருந்து நேராக மாட்டுங்கா போனேன். 1896இல் பிளேக் பம்பாயை உலுக்கியது. 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், நெரிசலுக்கு மாற்றாகத் திட்டமிட்டு அமைத்த பகுதி அது. அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள். குமாஸ்தா வேலைக்கு வந்த தஞ்சாவூர், பாலக்காட்டு இளைஞர்கள் இங்கே தங்கினார்கள். அவர்களுக்கு ஊர்ச் சாப்பாடு போட மெஸ்கள் வந்தன. 1940இல் கஃபே மெட்ராஸ். 1942இல் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் வசதியான பகுதிகளிலிருந்தும் காரில் வந்து காத்திருக்கிறார்கள்.

ராம நாயக் போர்டிங்கின் வாசலில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ராம நாயக்கும் சிறுவனாகப் பம்பாய்க்கு வந்து, அடுத்தவர் சமையலறைகளில் உழைத்து மேலே வந்தவர்தான். தாராவி இட்லியும் மாட்டுங்கா இட்லியும் பிழைக்க வந்தவர்களின் அடுப்பில்தான் பிறந்தன. ஒன்றுக்கு அகலமான தெருவில் நிலையான இடம் கிடைத்தது. ஊர் அதன் வயதை எண்ணி மரியாதை செய்கிறது. மற்றது இரண்டு தலைமுறையாக ஊருக்குப் பசியாற்றியும் பெயர்ப்பலகை இல்லாமல் சைக்கிளில் அலைகிறது. மாவிலும் பக்குவத்திலும் நான் குறை காணவில்லை. கால் ஊன்ற இடம் கிடைத்ததா என்பதே வித்தியாசம்.

இப்போது தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் நடக்கிறது. மறுவாரம் அந்தச் சந்துக்குப் போனபோது அதைப் பற்றி அண்ணாவின் மனைவியிடம் கேட்டேன். தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்:

“மாடியில வீடு குடுத்தா சந்தோஷந்தான்க்கா. ஆனா ராத்திரி மூணு மணிக்கு அங்க அடுப்புப் பத்த வைக்க விடுவாங்களா?”