அண்டை வீடும் ஆகாய விமானமும்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்? நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 355 கிலோமீட்டர்தான். நம் மதுரையே அதைவிடத் தொலைவு! 1947 டிசம்பரில் ஏர் சிலோன் விமானம் முதன்முதலாகக் கிளம்பியபோது, ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. பிறகு அவ்வழி அடைபட்டது, யுத்தமும் மூண்டது. யாழ்ப்பாணம் போகிறவர் கொழும்பு வரை பறந்து, மறுபடி வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் தரைமார்க்கமாகத் திரும்பிவர வேண்டியதாயிற்று. அண்டை வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிய கதைதான்.

2012-இல் நாமும் அப்படிச் சுற்றினோம். யாழ்ப்பாணத்தில் சித்தி காலமான செய்தி காலையில் கிடைத்தது. போய்ச் சேர்ந்தது மறுநாள் பிற்பகல், தகனம் முடிந்துவிட்டிருந்தது. அவர் முகத்தை நாம் பார்க்கவில்லை.

2019 நவம்பரில் பலாலிக்கு நேர் விமானம் வந்தது. கொள்ளை நோயால் 2020-இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அதன் பின்னரே நாம் அதில் ஏறினோம். சிறிய விமானம், விசிறிகளின் இரைச்சல் காதைத் துளைத்தது. விமான நிலையத்தில் காத்திருந்த நேரத்தில் பாதிகூட ஆகாயத்தில் செல்லவில்லை. ஒன்றேகால் மணியில் கீழே பனைமரங்கள் தெரிந்தன.

"எப்ப வெளிக்கிட்டனீ, தம்பி?" என்றார் சித்தப்பா.

"இன்று காலைதான்" என்றோம்.

அவர் சுவரிலிருந்த சித்தியின் படத்தைப் பார்த்தார்.