சம்பங்கோழியைப் படம் பிடித்தல்

தலைநகர் தில்லியில் வாழும் நம்மவருள் யமுனைக் கரைச் சதுப்பு நிலத்தை நாடுவோர் மிகச் சிலரே. ஒக்லா அணையை ஒட்டிய நீர்ப்பரப்பு 1990ஆம் ஆண்டில் பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 4 சதுர கிலோமீட்டர். 2017 முதல் மெட்ரோ இரயிலே அதன் அருகில் கொண்டுபோய் விடுகிறது.

குளிர்காலத்தில் அங்கு வரும் வாத்துகளைப் படம் எடுப்பது எளிது. அவை திறந்த நீரில் மிதக்கும். சம்பங்கோழி அவ்வாறு காட்சி தருவதில்லை. முகமும் மார்பும் வெண்மை, முதுகு கருஞ்சாம்பல். இருபுறமும் ஒடுங்கிய உடல், நெருங்கிய தண்டுகளினூடே நழுவிச் செல்ல உதவுகிறது. குருகோ, ஆள் அரவம் கேட்டதும் அலகை வானோக்கி உயர்த்திக் கோரையோடு கோரையாய் நின்றுவிடும்.

சிலர் கைப்பேசியில் பதிந்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைக்கின்றனர். தன் எல்லைக்குள் வேற்றுப் பறவை புகுந்தது என்று எண்ணி, இரை தேடுவதையும் குஞ்சு காப்பதையும் விட்டு அது ஓடிவருகிறது. வேறு சிலர் மறைக்கும் கோரையை ஒடிக்கின்றனர். இவ்விரண்டும் எனக்கு உடன்பாடல்ல. விடியற்காலையில், கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு, கோரை முடிந்து சேறு தொடங்கும் விளிம்பிற்கு எதிரே தாழ அமர்ந்து அசையாதிருப்பேன். வெறுங்கையுடன் திரும்பும் நாள்களே மிகுதி.

சம்பு என்பது நீரில் உயர்ந்து வளரும் கோரைவகை. அதனுள் வாழ்வதால் இப்பறவை சம்பங்கோழி ஆயிற்று. நம் முன்னோர் அதன் பெயரிலேயே அதன் வீட்டையும் சேர்த்து வைத்தனர். நகர மக்களோ கோரையைக் குப்பையெனக் கருதி, அதை அடியோடு நீக்குவதே தூய்மை என்கின்றனர். 2015இல் இச்சரணாலயத்தைச் சுற்றி வகுக்கப்பட்ட பாதுகாப்பு வளையம், மூன்று புறங்களில் 100 மீட்டர் அகலமே உடையது. அப்பால் அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கின்றன. உள்ளிருக்கும் கோரையும் போனால் இப்பறவைக்கு ஒதுங்க வேறு இடம் ஏது?

மழைக்காலத்தில் ஒருநாள் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். பறவை கண்ணுக்குப் புலப்படாவிடினும் அதன் ஓயாத குரல் கேட்கும். உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் குளத்தைத் தூய்மை செய்யும் பேச்சு எழும்போது, கோரையில் ஒரு பகுதியையேனும் விட்டுவைக்குமாறு எடுத்துரையுங்கள்.