விண்மீனுக்கு முன்னால் மேகம்

சென்னையில் விண்மீன் பார்க்க விரும்புகிறவர் முதலில் மேகம் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த ஊரின் பழைய அனுபவம் இது. 1786இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் அமைத்த சிறு வானாய்வகமே, 1792இல் நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வகமாக வளர்ந்தது. விண்மீன்களின் இருப்பிடத்தைக் குறித்தவர்களே வெப்பமானியையும் அழுத்தமானியையும் நாள்தோறும் பார்த்து எழுதிவந்தனர். அவர்களுள் ஒருவரான கோல்டிங்காம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடித்த பீரங்கிகளின் ஓசை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு ஒலியின் வேகத்தை அளந்தார். ஒவ்வோர் அளவோடும் அப்போதைய காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் குறித்துவைத்தார். முடிவுகள் 1823இல் அச்சேறின. 1899இல் வானியல் பணியின் பெரும்பகுதி கொடைக்கானல் மலையேறிவிட, நுங்கம்பாக்கத்தில் வானிலை தங்கிவிட்டது. தமிழ் எழுத்தும் பொறித்த அந்தக் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில்தான் நிற்கிறது.

தாம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், நகரும் தகரக் கூரைக்கடியில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. இயற்பியல் கற்பிக்கும் நண்பரும் தமிழ் கற்பிக்கும் நாமும் சேர்ந்து அதற்கொரு வானிலைக் கருவி செய்தோம். சண்முகம் சாலையில் வாங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து இடைவெளிவிட்டு அடுக்கினோம். வெயில் நேராகப் படாமல் காற்று மட்டும் உலவும் அந்தக் கூட்டுக்குள் வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் அளக்கும் சிறு உணரி. மேலே வானத்தை நோக்கி ஓர் அகச்சிவப்பு உணரி. தெளிந்த வானம் அதன் கண்ணுக்கு மிகக் குளிர்ந்து தெரியும். மேகம் வந்தால் வெம்மை கூடும். ஆனால் நம் கடற்கரைக் காற்றின் ஈரமே வெப்பத்தை உமிழ்வதால், வறண்ட குளிர்நாடுகளுக்கென வகுத்த வரம்புகள் இங்கே பொருந்தவில்லை. ஓராண்டு முழுதும், வெறுங்கண்ணால் கண்ட வானத்தையும் கருவி சொன்ன எண்ணையும் ஒரே ஏட்டில் பக்கம்பக்கமாக எழுதி, எங்களுக்கான வரம்பை நாங்களே கண்டடைய வேண்டியதாயிற்று.

அந்த வரம்பை எங்கே வைப்பது என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. சனிக்கிழமைகளில் செங்கல்பட்டுப் பக்கமிருந்து மாணவர்கள் மின்தொடர்வண்டியில் வருகிறார்கள். கடைசி வண்டிக்குள் திரும்ப வேண்டும். வானம் தெளிந்திருக்கையில் மேகம் என்று கருவி சொன்னால், முதன்முறை வந்த ஒரு பெண் சனியின் வளையத்தைக் காணாமலே போவாள். மழை விழுந்தும் தெளிவு என்றால், பல மாதச் சேமிப்பில் வாங்கிய ஆடி பாழாகும். இரண்டு பிழைகளும் ஒரே எடை உடையவை அல்ல. ஆகவே மழை உணரிக்கு மட்டும் ஆணையிடும் உரிமை தந்தோம்: ஒரு துளி பட்டாலும் கூரை தானே மூடும், விவாதமில்லை. மேக உணரி ஆலோசனை மட்டும் சொல்லும். திறப்பதா என்பதை மாடியேறி அண்ணாந்து பார்ப்பவர் முடிவு செய்வார்.

2015 டிசம்பரில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கண்ட ஊர் இது. வடகிழக்குப் பருவத்தில் கூரை வாரக்கணக்கில் திறப்பதில்லை. அந்த வாரங்களிலும் ஏடு நிரம்பிக்கொண்டேயிருக்கிறது. வண்டி ஏறுமுன் தொலைபேசும் மாணவர்களிடம், "இன்று வர வேண்டாம்" என்று தயங்காமல் சொல்லத் துணை நிற்பவை அந்தப் பக்கங்களே.